வால்வு வானொலிக்குள் 300 வோல்ட் ஏன்?



பழைய வானொலிப் பெட்டியின் விசையைத் திருகினால் உடனே பாடாது. அரை நிமிடம் போல மௌனம். உள்ளே கண்ணாடிக் குமிழ்களில் மெல்லச் செந்நிறம் ஏறும். பிறகுதான் குரல் வரும். அந்தக் குமிழ்களுக்குத்தான் வால்வு என்று பெயர். அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள்.

பரண்மேல் கிடக்கும் அப்படிப்பட்ட பெட்டியை ஒரு நாள் வீட்டுப் பிள்ளை இறக்கி வைத்து, திருப்புளியும் கையுமாக உட்காரலாம். தடுக்க வேண்டாம். ஆனால் அதற்குள் ஏன் ஏறக்குறைய 300 வோல்ட் இருக்கிறது என்பது பிள்ளைக்கும் தெரிய வேண்டும், பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

உலைநீர் கொதித்தால் ஆவி கிளம்புகிறது அல்லவா? அதுபோலச் சில பொருள்களைச் சூடாக்கினால் எலெக்ட்ரான் என்னும் மின்துகள்கள் கிளம்பும். வால்வின் நடுவில் பேரியம் ஆக்சைடு பூசிய மெல்லிய நிக்கல் குழாய் நிற்கிறது. இதுதான் கேத்தோடு. அதனுள் செல்லும் கம்பி அதை 700, 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும். அந்தக் கம்பிக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட்டே போதும்.

குமிழுக்குள் காற்று இருந்தால் கேத்தோடு கெடும். எலெக்ட்ரான்களும் காற்றில் மோதிச் சிதறும். ஆகவே காற்றை உறிஞ்சி எடுத்து மூடிவிடுகிறார்கள். குமிழின் உட்புறத்தில் வெள்ளிபோல் பளபளக்கும் படலம் பேரியம். மிஞ்சிய காற்றை அது விழுங்கிவிடும். அது சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு போய்விட்டது என்று பார்த்தவுடனே சொல்லலாம்.

சரி, கிளம்பிய எலெக்ட்ரான்கள் எங்கே போகும்? தாமாக வெகுதூரம் போகமாட்டா. கேத்தோடைச் சுற்றி மேகம்போல் நின்று, பின்னால் வருபவற்றை முட்டித் தள்ளும். அவற்றை வெற்றிடத்தின் குறுக்கே இழுக்க வலுவான ஈர்ப்பு வேண்டும். அதற்காகத்தான் சுற்றியுள்ள பிளேட் என்னும் தகட்டுக்கு 200, 250 வோல்ட் பாசிட்டிவ் மின்சாரம் தருகிறார்கள். டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் திடப்பொருளுக்குள்ளேயே ஓடுவதால் சில வோல்ட் போதும். வால்வுக்கோ உயர் அழுத்தம் இல்லாமல் வேலை நடக்காது.

1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் செய்த வால்வில் இவ்விரண்டு உறுப்புகளே இருந்தன. மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். 1906இல் அமெரிக்காவில் டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே கிரிட் என்னும் கம்பியை வைத்தார். அது வாய்க்கால் மடையைப் போன்றது. மடைப்பலகையைச் சற்றே அசைத்தால் பெருவெள்ளம் கூடிக் குறைகிறது. இ.சி.சி.83 என்னும் வால்வில், கிரிட்டில் ஒரு வோல்ட் அசைந்தால் பிளேட்டில் ஐம்பது வோல்ட் வரை அசையும். ஏரியலில் வரும் மெல்லிய அலை வீடு நிறைய ஒலிப்பது இந்த வித்தையால்தான்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். 240 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் வழியே மாற்றி, ஒரே திசையாக்கி, கண்டென்சர் என்னும் தகர டப்பாவில் தேக்குகிறார்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் தொட்டித் தண்ணீர்போல் அது நிற்கும். வால்வுகள் நன்றாக இருந்தால் தாமே வடித்துவிடும். கெட்டுப்போன பெட்டியிலோ நெடுநேரம் காத்திருக்கும். நாம் திறப்பது பெரும்பாலும் கெட்டுப்போன பெட்டியைத்தானே!

பிளக்கைப் பிடுங்கிய பிறகு, 10 கிலோ ஓம், 5 வாட் ரெஸிஸ்டரை ரப்பர் உறையிட்ட கிளிப்புகளால் கண்டென்சரின் இரு முனைகளிலும் மாட்டிப் பத்து எண்ணுங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரே டப்பாவில் இரண்டு கண்டென்சர்கள் இருப்பதுண்டு. இரண்டையும் வடிக்க வேண்டும். திருப்புளியால் இணைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமல்ல, கண்டென்சரும் கெடும். பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். முள் பூச்சியத்தில் நின்றால்தான் கை வைக்கலாம். பல ஆண்டு கிடந்த பெட்டியை அப்படியே பிளக்கில் சொருகவும் கூடாது. பழைய கண்டென்சர் சூடேறி வெடிக்கும்.

யூ.எல்.41, யூ.ஒய்.41 என்று ‘யூ’வில் தொடங்கும் வால்வுகள் உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பிளக்கின் ஒரு முனை அடித்தகட்டோடு சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் சொருகினால் தகடு முழுவதும் 240 வோல்ட். புதிதாகப் பழகுகிறவர்கள் அதை மூடி வைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியில் தொடங்கட்டும்.