ஃபேன் இல்லாத லேப்டாப்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சில வருடம் உழைத்த லேப்டாப் ஒன்றின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன ஃபேன். அது காற்றை ஊதும் வழியில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள். அந்த இடுக்குகளில் கறுப்பாகத் தூசி அப்பியிருக்கும். திருகின் தலையில் துரு, இணைப்புகளில் பச்சை.

இது ஊர்க்காற்றின் வேலை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்றது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். கரி எண்ணூருக்குப் போனது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொண்டது. இதோடு கடலுப்பு. உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் சர்க்யூட் போர்டில் படிந்தால், போகக்கூடாத வழியில் மின்சாரம் கசியும். இத்தனையையும் உள்ளே இழுத்துக் கொடுப்பது ஃபேன்தான்.

ஏசி அறையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் சர்வேயருக்கும், சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்குக்கும், லாரி நிழலில் பைக் சீட்டின்மேல் லேப்டாப்பை வைத்து மெயில் அனுப்பும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆளுக்கும் அப்படியில்லை. இவர்களுக்கென்றே 1996 முதல் பானசோனிக்கின் டஃப்புக் போன்ற முரட்டு லேப்டாப்புகள் இருக்கின்றன. விழுந்தாலும் தாங்கும், நனைந்தாலும் தாங்கும். விலையும் எடையும்தான் தாங்காது. கம்பெனி வாங்கிக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

சொந்தக் காசில் வாங்குபவருக்கு இன்னொரு வழி உண்டு: சூடே குறைவாக உண்டாக்கும் சிப். சூடு குறைந்தால் ஃபேனே தேவைப்படாது. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய முதல் ஆர்ம் சிப்பைச் சோதித்தார்கள். அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற சர்க்யூட்டுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! அந்த வம்சம்தான் பிறகு நம் செல்போன்களுக்குள் புகுந்தது. பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வித்தைகள் அங்கே பழகின: சின்ன வேலைக்குச் சின்ன கோர், வேலை முடிந்த கணமே தூக்கம். 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்போடு மேக்புக் ஏரை ஃபேனே இல்லாமல் விற்றது. விண்டோஸ் பக்கம் 2024-இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகள் வந்தன.

ஆர்ம் என்றாலே ஃபேன் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்னாப்டிராகன் லேப்டாப்புகள் பலவற்றில் ஃபேன் உண்டு; இன்டெலின் சிறிய சிப் கொண்ட லேப்டாப்புகளில் ஃபேன் இல்லாதவையும் கிடைக்கும். ஃபேன் இல்லாததில் ஒரு குறையும் உண்டு. வெயிலில் வைத்து வெகுநேரம் கனமான வேலை வாங்கினால், சூட்டைத் தாங்க அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எக்செல், மெயில், ரிப்போர்ட்டில் ஒட்டும் போட்டோ போன்ற வேலைகளுக்கு இது தெரியவே தெரியாது. உப்புக்காற்று இதிலும் நுழையும், ஆனால் ஃபேன் இழுத்து நிரப்புவது போல அல்ல.

பெரிய சிக்கல் வேறு. இன்டெலுக்காக எழுதிய புரோகிராம்களை ஆர்ம் விண்டோஸ் பெரும்பாலும் பெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எடைமேடையிலிருந்து வரும் சீரியல் கேபிள் எல்லாம் டிரைவரை நம்பியவை. ஆர்முக்கான டிரைவர் இல்லையென்றால் எவ்வளவு நல்ல லேப்டாப்பும் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) போட உதவாது. மேக் வாங்குபவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஆகவே கடைக்காரர் ராம், கோர் என்று ஆரம்பிக்கும் முன், ஃபேன் உண்டா என்று கேளுங்கள். திரையின் வெளிச்சம் 400 நிட்ஸுக்குக் குறைந்தால் யார்டு வெயிலில் எழுத்து சரியாகத் தெரியாது, அதையும் பாருங்கள். டோக்கனையும் கேபிளையும் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே செருகி, வேலை செய்தால் மட்டும் பணம் கொடுங்கள்.