பெய்தலும் பின்வாங்கலும்: ஒரு கேலிச்சித்திரத் தலைப்பின் தமிழாக்கம்

கேலிச்சித்திரத்தின் தலைப்பைத் தனியே மொழிபெயர்த்தல் அரிது. அதன் பொருளில் ஒரு பாதி படத்தில் கிடக்கிறது. ஜேம்ஸ் கில்ரே 1791இல் இலண்டனில் வெளியிட்ட அச்சுப்படம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸ் அவ்வாண்டு மே திங்களில் சீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். களத்தில் வென்றும், மழையாலும் உணவுப் பற்றாக்குறையாலும் வண்டிமாடுகள் மடிந்தமையாலும் கோட்டையை முற்றுகையிட இயலவில்லை. பெரும்பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பெங்களூர் நோக்கித் திரும்பினார். மலையாளக் கரையிலிருந்து மலையேறி வந்த அபர்குரோம்பியின் பம்பாய்ப் படையும் வந்தவழியே மீண்டது.

படத்தின் தலைப்பு ‘தி கமிங்-ஆன் ஆஃப் தி மான்சூன்ஸ், ஆர் தி ரிட்ரீட் ஃப்ரம் செரிங்கபட்டம்’ என்பது. படத்திலோ, மதில்மேல் நிற்கும் திப்பு ஆங்கிலப் படைமீது சிறுநீர் கழிக்கிறார். கார்ன்வாலிஸ் கழுதைமீது ஓடுகிறார். தலைப்பில் கூசத்தக்க சொல் ஒன்றுமில்லை என்பது நோக்கத்தக்கது. மழைமேல் பழிபோடும் நாகரிகமான சாக்கே அதில் உள்ளது. அச்சாக்கைப் படம் உடைக்கிறது.

‘மான்சூன்’ அரபு ‘மவ்சிம்’ என்பதிலிருந்து போர்த்துக்கீசிய மொழிவழி வந்த சொல். ‘பருவக்காற்று’ எனப் பெயர்த்தால் புவியியல் பாடநூலின் வாடை வீசும். ‘மழைக்காலம்’ என்றால் சென்னை வாசகர் ஐப்பசி, கார்த்திகையை நினைப்பார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்க்கோ அது ஜூனில் இறங்கும் தென்மேற்கு மழை; படத்தின் மழையும் அதுவே. மும்பைத் தமிழ் வாசகர்க்கு இங்கே அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் இல்லாத வாய்ப்பொன்று தமிழில் உண்டு. ‘பெய்தல்’ மழைக்குரிய இயல்பான வினை. நெல்லை வழக்கில் சிறுநீர்க்கும் உரியது. தாராவித் தமிழருள் நெல்லையிலிருந்து குடிபெயர்ந்தோர் பலர் ஆதலின் இவ்விரு பொருளும் அங்கு உடனே விளங்கும். மூலத்தின் தலைப்பு சொல்லாததை மொழிபெயர்ப்பு சொல்லலாமா எனில், சொல்லவில்லை என்பதே விடை. படத்தைக் காணாதவர்க்கு அது மழை மட்டுமே.

நன்னூலார் கூறும் இடக்கரடக்கலைக் கருதிப் படவிளக்கத்தில் ‘நீர் தெளிக்கிறார்’ என மழுப்புவதும் உண்டு. இடக்கரடக்கலைக் கேலி செய்யும் படத்திற்கு இடக்கரடக்கல் பொருந்தாது. மாறாக, ‘ரிட்ரீட்’ என்பதைப் ‘புறமுதுகிடல்’ எனக் கடுமையாக்குவதும் பிழையே. படம் இகழ்வதைத் தலைப்பே முந்திக்கொண்டு இகழ்ந்துவிடும். எனவே ‘மழை பெய்யத் தொடங்கிற்று, அல்லது, சீரங்கப்பட்டணத்துப் பின்வாங்கல்’ என்பதே ஏற்புடைத்து.