ஒரே ஊதியம், ஒரே வருமான வரி; வாங்கக்கூடிய வீடு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது ஏன்?

அகமதாபாதிலும் கொச்சியிலும் ஒரே அளவு ஊதியம் பெறும் இருவர், தலா ரூ.15 லட்சம் சேமிப்புடன், கட்டிமுடிக்கப்பட்ட வீடு ஒன்றை வாங்க முற்படுவதாகக் கொள்வோம். இருவருக்கும் வருமான வரி ஒன்றே. வங்கிக் கடனுக்கான விதிகளும் ஒன்றே. ஆயினும், அகமதாபாதில் இருப்பவர் ஏறக்குறைய ரூ.58 லட்சம் விலையுள்ள வீட்டை வாங்க இயலும். கொச்சியில் இருப்பவரின் உச்சவரம்பு ரூ.50 லட்சம். மாநில அரசுகள் விதிக்கும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

வருமான வரி யாருடைய அதிகாரம்?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் மாகாண வருமான வரி கிடையாது; கலிபோர்னியாவில் உண்டு. அதனால் அங்கு மாதந்தோறும் கைக்கு வரும் ஊதியமே மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடுகிறது.

இந்தியாவில் வேளாண் வருமானம் நீங்கலாக, வருமான வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி மத்திய அரசிடம் உள்ளது. சிக்கிம் மக்களுக்கு உள்ள விலக்கு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வரி விகிதம் நாடு முழுவதும் ஒன்றே. மாநிலங்கள் விதிக்கும் தொழில் வரியும் ஆண்டுக்கு ரூ.2,500-ஐத் தாண்ட முடியாது. எனவே, மாதத் தவணை செலுத்தும் திறனை மாநில வரிகள் பெரிதும் பாதிப்பதில்லை. அவற்றின் சுமை வீடு வாங்குவோரின் சேமிப்பின் மீதே விழுகிறது.

சேமிப்பைக் கரைக்கும் தீர்வை

ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் விலையில் 80 சதவீதம் வரை மட்டுமே வங்கிகள் வழங்கலாம் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வாறு கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விலையுடன் சேர்க்கக் கூடாது. ரூ.10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு.

கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குஜராத்தில் கூடுதல் தீர்வை உட்பட 4.9 சதவீதமும் பதிவுக் கட்டணம் 1 சதவீதமும் வசூலிக்கப்படுகின்றன. ஆகவே ரூ.50 லட்சம் வீட்டுக்குக் கேரளத்தில் ரூ.10 லட்சம் முன்பணத்துடன் ரூ.5 லட்சம் தீர்வையும் கட்டணமும் தேவை; சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். குஜராத்தில் அதே வீட்டுக்குத் தீர்வையும் கட்டணமும் ரூ.2.95 லட்சம், ரூ.2 லட்சத்துக்கு மேல் கையில் மிஞ்சும்.

பழைய வருமான வரித் திட்டத்தில் இத்தொகைக்கு ரூ.1.5 லட்சம் என்ற ஒட்டுமொத்த வரம்புக்குள் கழிவு கோரலாம். புதிய திட்டத்தில் அச்சலுகை இல்லை; சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டிக்கும் கழிவு கிடையாது.

குறைக்க முடியுமா?

கரோனா காலத்தில் மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. அந்த மாதங்களில் வீடுகளின் பத்திரப் பதிவு வெகுவாக உயர்ந்தது. தீர்வையை அதிகமாக விதிக்கும் மாநிலங்கள் அதனைக் குறைக்க ஊக்குவிக்கப்படும் என்றும், பெண்கள் வாங்கும் சொத்துகளுக்கு மேலும் குறைப்பது பரிசீலிக்கப்படும் என்றும் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் தெரிவித்தார்.

எனினும், 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், மாநிலங்கள் தாமே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய வருவாய் இனங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் முத்திரைத் தீர்வை முதன்மையான ஒன்று என்பதால், அதனைக் குறைக்க மாநிலங்கள் தயங்குகின்றன.

மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு முத்திரைத் தீர்வையில் 1 சதவீதப் புள்ளி சலுகை உண்டு; குஜராத்தில் அவர்களுக்குப் பதிவுக் கட்டண விலக்கு உள்ளது. வீட்டின் விலையையும் மாதத் தவணையையும் மட்டும் கணக்கிட்டு முன்பணம் கொடுப்போர், பத்திரப் பதிவு நாளில் பணத்துக்குத் திண்டாட நேரிடும். யார் பெயரில், எந்த மாநிலத்தில், எந்த மதிப்புக்குப் பதிவு செய்யப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அத்தொகையைத் தனியே ஒதுக்கிய பிறகு வீட்டைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.