சராசரி மட்டும் போதுமா?

ஒரே மருந்தைப் பத்து ஆய்வுகள் சோதிச்சு பத்து விதமா பதில் சொன்னா, எதை நம்புவீங்க? எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுறதுதான் மெட்டா அனாலிசிஸ். 'ஆர்' மொழியில் இதற்கு 'மெட்டாஃபார்' என்ற இலவச பேக்கேஜ் இருக்கு. சராசரிப் பலன் எவ்வளவு, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுது, ரெண்டையும் சொல்லிடும்.

ஆனா சராசரியும் ஏமாத்தும். 1991-ல் சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்தப்போ, மாரடைப்பு வந்தவங்களுக்கு மெக்னீசியம் உயிர் காக்கும்னு விடை வந்துச்சு. 1995-ல் 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 ஆய்வில் அந்தப் பலன் தென்படவே இல்லை.

இங்கதான் 'ஃபனல் பிளாட்' உதவும். பெரிய ஆய்வுகள் மேலே, சின்னவை கீழே இருபுறமும் விரிஞ்சு புனல் மாதிரி தெரியணும். கீழே ஒரு பக்கம் மட்டும் காலியா இருந்தா, பலன் தராத ஆய்வுகள் வெளிவராம போயிருக்கலாம். மெட்டாஃபாரில் இதுக்கு ஒரே வரி கோடு போதும். காணாமப்போன ஆய்வுகளைத் தேடிப் பிடிக்கிறது மட்டும் நம்ம வேலை!