தென்னந்தூரில் முளைக்கும் காளான் எது?

தென்னையின் தூரில் வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான் முளைத்தால், அது கானோடெர்மா பேரினத்தைச் சேர்ந்தது. தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இதுதான். 1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் இந்நோய் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது.

காளானைத் திருப்பிப் பாருங்கள். நாம் சமைக்கும் காளானில் உள்ள மடிப்புகள் இதில் இருக்காது, ஊசி முனையளவு துளைகளே இருக்கும். அவற்றிலிருந்து பழுப்புத் தூளாக வித்துகள் உதிரும். பின்லாந்து அறிஞர் கார்ஸ்டன் 1881-ல் இந்தப் பேரினத்தை வகுத்தார். அதற்கு அடிப்படை இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட 'லூசிடம்' என்ற இனம். பிறகு பளபளப்பான காளான் எங்கே கிடைத்தாலும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. சீனாவில் மருந்துக்காக வளர்ப்பது வேறு இனம் என்று 2012-ல் 'லிங்சி' எனப் பெயர் மாற்றினார்கள். நம் தென்னங்காளானையும் நூல்கள் லூசிடம் என்றே எழுதி வந்தன. எனவே, பெயரை நம்பி அதைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் துளைக்காளான்களை உலர்த்திச் சேமித்து, வித்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு இனம் பிரிக்கிறார்கள்.

பெயர் முடிவாகும்வரை வைத்தியம் காத்திருக்க வேண்டியதில்லை. காளான் தெரிவதற்குள் நோய் முற்றியிருக்கும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும்போதே கவனிக்க வேண்டும். செத்த மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எரியுங்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடலாம். நோயுற்ற மரத்தைச் சுற்றி 1 சத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றலாம்.

காளான் மாதிரி அனுப்புவோர் பாலிதீன் பையில் கட்டாமல் காகிதத்தில் சுற்றி, எந்த மரத்தில் எடுத்தது என்று எழுதி அனுப்பவும்.