ஆட்டத்தைத் திருத்தும் ஆட்டக்காரர்கள்

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நீர்மட்டம் உயர உயர மிதவையும் உயர்கிறது; தொட்டி நிரம்பியதும் குழாயை அடைத்துவிடுகிறது. விளைவே திரும்பி வந்து காரணத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். மாற்றத்தைத் தடுப்பதால் இது எதிர்ப் பின்னூட்டம்.

திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கியின் முன்னே மைக்கைக் கொண்டுபோனால் 'கீ' என்று அலறுகிறதல்லவா? ஒலிபெருக்கியின் ஒலி மைக்கில் நுழைந்து, பெருகி வெளிவந்து, மறுபடி நுழைந்து மேலும் பெருகுகிறது. இது நேர்ப் பின்னூட்டம்.

இவ்விரண்டும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அமர்ந்து நீங்கள் ஆடும் கைபேசி விளையாட்டிலும் உண்டு. எவ்வாறு என்று காண்போம்.

நவி மும்பையிலுள்ள கேமேஷன் நிறுவனம் 2016-இல் லூடோ கிங் விளையாட்டை வெளியிட்டது. இதை ஆடக் கட்டணம் இல்லை. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்கள் இதை விரும்பி ஆடின. ஆனால் வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் பேசாமல் ஆடினால் சுவை ஏது? அந்த ஆண்டே, ஆடிக்கொண்டே பேசும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. ஆடுபவரின் தேவை ஆட்டத்தின் வடிவை மாற்றுவது இப்படித்தான்.

எனினும் எல்லாக் குறைகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலுமா? "எனக்கு மட்டும் ஆறு விழுவதே இல்லை, பகடையில் ஏதோ சூது இருக்கிறது" என்பது இத்தகைய ஆட்டங்களில் வழக்கமான புகார். தாயக்கட்டை உருட்டும் வீடுகளிலும் 'தாயம் விழவில்லை' என்ற புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். பகடையை ஒருமுறை உருட்டும்போது ஆறு விழாதிருக்கும் வாய்ப்பு 5/6. பத்து முறையும் விழாதிருக்க, 5/6-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.16. அதாவது, நேர்மையான பகடையிலும் ஆறு பேரில் ஒருவருக்கு முதல் பத்து உருட்டலில் ஆறு விழாது! பத்து லட்சம் பேர் ஆடினால் சுமார் 1,60,000 பேருக்கு இந்த ஏமாற்றம் உறுதி. அவர்களுடைய அனுபவம் உண்மை; அதிலிருந்து கண்ட முடிவு தவறாக இருக்கலாம். லட்சக்கணக்கான உருட்டல்களை எண்ணி, ஒவ்வொரு முகமும் ஆறில் ஒரு பங்கு விழுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

நாம் வாய் திறவாமலேயே தரும் பின்னூட்டமும் ஒன்று உண்டு. எத்தனை நிமிடம் ஆடினோம், எந்தக் கட்டத்தில் சலித்து விட்டோம், மறுநாள் திரும்பி வந்தோமா என்பவற்றை விளையாட்டே பதிவு செய்யும். ஏழாம் கட்டத்தில் பலர் விலகினால் அக்கட்டம் எளிதாக்கப்படும். சில சமயம் ஒரு சாராருக்கு ஒரு வடிவமும் மற்றொரு சாராருக்கு வேறு வடிவமும் கொடுத்து, எது அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று ஒப்பிடுவார்கள். நமது ஆய்வுக்கூடச் சோதனை போன்றதே இது. ஆனால் இங்கே சோதனைப் பொருள் நாம்!

இலவச விளையாட்டு எங்கிருந்து பணம் ஈட்டுகிறது? விளம்பரங்களிலிருந்தும், ஆட்டத்துக்குள் விற்கும் பொருள்களிலிருந்தும். ஆகவே நீங்கள் அதிக நேரம் ஆடுவது அவர்களுக்கு ஆதாயம். நீங்கள் ஆட ஆட ஆட்டம் மேலும் ஈர்ப்புடையதாகச் செதுக்கப்படுகிறது. ஈர்ப்பு கூடக் கூட நீங்கள் இன்னும் ஆடுகிறீர்கள். மைக்கின் அலறல் நினைவுக்கு வருகிறதல்லவா?

அலறலை அடக்க ஒரு மிதவை தேவை. 2021 ஜூலையில் வெளியான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா விளையாட்டில், 18 வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. ஆனால் மூன்று மணி நேரம் என்பது ஒரு மாணவரின் மாலைப் பொழுது முழுவதும் அல்லவா? தொட்டி அவ்வளவு நிரம்பும் வரை காத்திருக்க வேண்டுமா?

ஒரு வாரம் செய்து பாருங்கள். ஆடத் தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து, வரைபடமாக வரையுங்கள். கோடு நாளுக்கு நாள் ஏறுகிறதா, ஒரே மட்டத்தில் நிற்கிறதா? விளையாட்டு உங்களை அளக்கிறது. நீங்களும் உங்களை அளந்து பாருங்கள். அந்தத் தாளே உங்கள் மிதவை.