படி இல்லாத மாடி

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தம்பானூர் பஸ் நிலையம். அதன் அருகே செங்கல் நிறத்தில் வட்டமான கட்டிடம் ஒன்று நிற்கிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் கோட்டையோ, தண்ணீர்த் தொட்டியோ என்று நினைப்பார்கள்.

அது ஒரு காப்பி ஓட்டல்!

உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சாய்வாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, நத்தைக்கூடு மாதிரி. சுவர் ஓரமாக மேஜையும் பெஞ்சும் வரிசையாக ஏறிக்கொண்டே போகின்றன. தரைதான் சாய்வு, மேஜை சாயவில்லை. காப்பி கொட்டாது. சுவர் முழுவதும் சிறு சிறு துவாரங்கள். அவற்றின் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள் தட்டும் கையுமாக மேலும் கீழும் நடக்கிறார்கள்.

இதைக் கட்டியவர் ஓர் இங்கிலாந்துக்காரர். பெயர் லாரி பேக்கர். (சரக்கு லாரி அல்ல, லாரன்ஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்.)

செருப்பைப் பார்த்தார் காந்திஜி

பேக்கர் 1917-ம் ஆண்டு பர்மிங்காம் நகரில் பிறந்தவர். கட்டிடக்கலை படித்துப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் வந்தது. அவர் துப்பாக்கி தூக்க மறுத்தார். காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்யும் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே உடல்நலம் கெட்டது. ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்துக்கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காந்திஜியைச் சந்தித்தார். பேக்கர் காலில் இருந்தவை கையால் செய்த துணிச் செருப்புகள். காந்திஜியின் கண் முதலில் அவற்றின் மேல் விழுந்தது. விசாரித்தார். பேச்சு வளர்ந்தது. உங்கள் படிப்பு நகரத்துக்கு அல்ல, கிராமத்துக்குத் தேவை என்று சொன்னார். வீடு கட்டும் இடத்தைச் சுற்றி 5 மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்பது காந்திஜியின் கருத்து.

பட்டம் பெற்ற இளைஞருக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. காந்திஜி அப்படியே செய்யச் சொல்லியிருக்கமாட்டார் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மலையில் படித்த பாடம்

1945-ல் பேக்கர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டித்தரும் வேலை. வந்ததும் ஒரு தர்மசங்கடம்! செம்மண், சாணம், கரையான், விடாமல் கொட்டும் பருவமழை இவற்றைப்பற்றி அவர் படித்த புத்தகங்களில் ஒன்றுமே இல்லை.

1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். புதுமணத் தம்பதிகள் இமயமலைப் பக்கம், பிதோராகட் என்ற இடத்துக்குப் போனார்கள். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். தேனிலவுக்குப் போனவர்கள் சுமார் 16 ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்!

மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் மலைவாசிகளின் வீடுகளைப் பார்த்தார். பக்கத்துப் பாறையிலிருந்து கல், காலடியில் மண், காட்டிலிருந்து மரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டிய வீடுகள் குளிரையும் மழையையும் தாங்கி நின்றன. இவர்களுக்குப் பாடம் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது என்று பேக்கருக்குத் தோன்றியது. மாணவராகிவிட்டார்.

எலிப்பொறிச் சுவர்

பிறகு தம்பதிகள் கேரளத்துக்கு வந்தார்கள். திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டிய வீடுகள் பல. பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் நிறுவிய ஆராய்ச்சி மையத்தையும் அவரே கட்டினார். அங்கே மேட்டை வெட்டவில்லை, மரத்தைச் சாய்க்கவில்லை. கட்டிடங்கள் வளைந்து கொடுத்தன.

செலவைக் குறைக்க அவர் கையாண்ட முறையைக் கேளுங்கள்.

வழக்கமாகக் கொத்தனார் செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவார். பேக்கர் நிறுத்திவைத்துக் கட்டச் சொன்னார். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவே வெற்றிடம். இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு செங்கல். நடுவில் விழும் பொந்து எலிப்பொறி மாதிரி இருப்பதால் அதுவே அந்தச் சுவரின் பெயராகிவிட்டது. சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனால், செங்கலில் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம்! உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் சுலபத்தில் இறங்காது.

காங்கிரீட் தளத்திலும் ஒரு யுக்தி செய்தார். தளத்தின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு நடுவே உள்ள காங்கிரீட் பாரம் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். சிமெண்டு மிச்சம், பாரம் குறைவதால் கம்பியும் மிச்சம்.

பூச்சு எங்கே?

பேக்கர் வீடுகளின் சுவர்களுக்குப் பெரும்பாலும் பூச்சு கிடையாது. செங்கல் அப்படியே தெரியும். "வேலை இன்னும் முடியவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் வரும். அந்தக் கவலையை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக மண்சுவரில் வாழ்ந்தவனுக்கு வெள்ளையடித்த சுவர் ஒரு கௌரவம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பூச்சு இருந்தால் கொத்தனாரின் பிழை மறைந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு செங்கலும் நேராக உட்காரவேண்டும். அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும். அதனால் பேக்கர் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. கட்டுமிடத்துக்கே போய்க் கொத்தனார்களோடு நின்றார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலியாகப் போகட்டும் என்பது அவர் கணக்கு.

1990-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டியபின் அவர் காந்திஜியின் 5 மைல் பேச்சைப்பற்றி மறுபடி எழுதினார். அன்று அதிகப்படி என்று நினைத்தது சொல்லுக்குச் சொல் சரி என்று ஒப்புக்கொண்டார். அதைக் கண்டுகொள்ள அவருக்கு 40 ஆண்டுகள் பிடித்தன.

அவருடைய சொந்த வீடு திருவனந்தபுரத்தில் ஒரு பாறைச் சரிவில் இருக்கிறது. இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய மரங்களை அதில் சேர்த்தார். கையில் கிடைத்ததை வைத்து, தோன்றியபோதெல்லாம் கட்டிக்கொண்டே இருந்தார். 2007 ஏப்ரல் 1-ந் தேதி காலமானபோது அவருக்கு வயது 90.